மாடித்தோட்டம்: வாடிய செடிக்கெல்லாம் தண்ணீர் ஊற்றலாமா?

மாடித்தோட்டம் தொடங்கியவர்கள் முதல் கோடையில் செய்யும் பெருந்தவறு, வாடிய செடியைக் கண்டதும் தண்ணீர் ஊற்றுவதுதான். உச்சி வெயிலில் கத்தரியும் பூசணியும் இலையைத் தொங்கவிடுவது இயல்பு. வேர் உறிஞ்சும் நீரைவிட இலை வெளிவிடும் நீர் அந்த நேரத்தில் மிகுதியாக இருப்பதே அதற்குக் காரணம். மாலையில் அவை தாமே நிமிர்ந்துவிடும். ஆனால் நீர் தேங்கி வேர் அழுகிய செடியும் பார்வைக்கு இதேபோலத்தான் வாடுகிறது, ஏனெனில் காற்றோட்டம் இல்லாமல் கெட்டுப்போன வேரால், சுற்றிலும் ஈரம் இருந்தும் அதை உறிஞ்ச முடிவதில்லை. அந்தச் செடிக்கு இரக்கப்பட்டு ஊற்றும் ஒவ்வொரு குவளையும் அதைச் சாவுக்கு அருகில் கொண்டுபோகிறது. ஆகவே காலையிலும் வாடியே நிற்கும் செடியென்றால், மண்ணில் இரண்டு கணு ஆழம் விரலை நுழைத்துப் பார்த்து, உலர்ந்திருந்தால் மட்டுமே ஊற்ற வேண்டும். தென்னை நார்க்கழிவு கலந்த பைகளில் மேற்புறம் வெளுத்துக் காய்ந்திருக்கும்போதே அடியில் ஈரம் இருக்கும் என்பதால் கண்ணைவிட விரலையே நம்பலாம். பைகளைத் தளத்தோடு ஒட்டி வைக்காமல் செங்கற்களின் மேல் நிறுத்தினால் அடித்துளைகள் அடைபடாமல் நீர் வடியும், தளத்திலும் ஈரம் ஊறாது.

நார்க்கழிவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடையில் வாங்கிய கட்டியை ஊறவைத்து அப்படியே கலந்துவிட்டால், அதில் தங்கியிருக்கும் உப்பால் நாற்றுகளின் இலை ஓரங்கள் கருகும். இரண்டு மூன்று முறை நல்ல நீரில் அலசிப் பிழிவது அவசியம். அது மக்காததாக இருந்தால் நுண்ணுயிர்கள் அதை மக்கச்செய்யும் வேலைக்குத் தழைச்சத்தை எடுத்துக்கொள்வதால் செடி வெளிறி நிற்கும். செம்மண், மக்கிய நார்க்கழிவு, தொழுவுரம் அல்லது மண்புழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்த கலவை பெரும்பாலான காய்கறிகளுக்குப் போதுமானது. வெளிறிய செடியைக் கண்டு பதறி யூரியாவைக் கையளவாக அள்ளிப் போடுவது, சிறிய பையில் வேரைக் கருக்கிவிடும்.

மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெய் தெளிப்பவர்கள் எறும்புகளை மறந்துவிடுகிறார்கள். இனிப்பான கழிவுக்காக அப்பூச்சிகளை எறும்புகள் காத்து வளர்ப்பதால், எறும்பின் வழியை அடைக்காமல் தெளிப்பதில் பயன் குறைவு. லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு நன்றாகக் கலந்து மாலையில் தெளிக்க வேண்டும். நடுப்பகல் வெயிலில் தெளித்தால் இலை தீய்ந்துபோகும்.

கொடிகள் நிறையப் பூத்தும் பிஞ்சுகள் மஞ்சளாகி உதிர்ந்தால், உரக்குறை என்று முடிவுகட்டுவதற்கு முன் மகரந்தச் சேர்க்கை நடந்ததா என்று பாருங்கள். மூன்றாவது மாடிக்குத் தேனீ வராத நகரங்களில் அந்த வேலையை நாம்தான் செய்ய வேண்டியிருக்கிறது, தோட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த வேலையும் அதுவே. பலர் காலையிலேயே எல்லாவற்றையும் முடிக்கப் பார்ப்பதுதான் தவறு. பூசணியும் பாகலும் விடியலில் மலரும். ஆனால் சுரையும் பீர்க்கும் மாலையில்தான் விரியும். அடியில் சிறு பிஞ்சோடு இருப்பது பெண்பூ. ஆண்பூவைப் பறித்து இதழ்களை நீக்கி, அதன் மகரந்தத்தைப் பெண்பூவின் நடுவில் மெல்லத் தடவிவிட்டால், சில நாட்களில் அந்தப் பிஞ்சு உதிராமல் பருக்கத் தொடங்கும்.