செவ்வாய் ஏன் செவப்பா இருக்குன்னு புள்ளைகளுக்கு எப்படிச் சொல்றது

லீவுக்கு ஊருக்கு வந்த என் அண்ணன் மக, ராத்திரி மொட்டை மாடியில பாயில படுத்துக்கிட்டு செவ்வாயைப் பாத்து "அயித்தை, அங்க தீ எரியுதா"ன்னு கேட்டா. நான் "இல்ல ஆத்தா, அது இரும்புத் துரு"ன்னு சொன்னேன், அவளும் சரின்னா, காலையில கேட்டா துருன்னா என்னன்னே தெரியல. அதான் சொல்றேன், பதிலை வாயால சொல்லிட்டு விட்றாதீங்க, புள்ளைக கையாலயே துருவை உண்டாக்க வைங்க.

ஒரு பழைய தட்டுல ஆத்து மணலைப் பரப்பி சாதா இரும்பு ஆணி பத்து போடுங்க. பளபளன்னு பூச்சு பூசின ஆணின்னா சீக்கிரம் துருப்பிடிக்காது, உப்புத்தாளால நல்லா தேச்சுட்டுப் போடுங்க. காலையில சாயந்தரம் உப்புத்தண்ணி தெளிக்கணும், ஆனா முக்கி வைக்கக் கூடாது, தண்ணியோட காத்தும் படணும். பக்கத்துலயே இன்னொரு தட்டுல காஞ்ச மணல்ல பத்து ஆணி, அதுல ஒரு சொட்டு தண்ணி படக்கூடாது. நாலு நாள்ல ஈரத் தட்டு மணல் அங்கங்க செம்மண் மாதிரி ஆயிடும், காஞ்ச தட்டு அப்படியே கெடக்கும். இரும்பு, தண்ணி, காத்துல இருக்குற ஆக்ஸிஜன், மூணும் சேர்ந்தாத்தான் துருன்னு இனிமே நீங்க சொல்லவே வேணாம், அவுங்களே சொல்லுவாங்க. (ஆணி குத்தாம பக்கத்துல நில்லுங்க, கையைக் கழுவ வைங்க.)

இப்ப துருப்பிடிச்ச ஆணி ஒண்ணை எடுத்து சுரண்டச் சொல்லுங்க. உள்ள சாம்பல் கலர்! இதுதான் முக்கியமான இடம், அவசரப்படாதீங்க. எங்க வீட்டுல ஒடஞ்ச ஆத்தங்குடி தரைக்கல்லு ஒண்ணு கொல்லையில கெடந்துச்சு, அதையும் கொண்டாந்து ஒடஞ்ச பக்கத்தைக் காட்டுனேன், மேல மெல்லிசா ஒரு செவப்பு, கீழ பூரா சிமெண்ட் சாம்பல். அந்தச் செவப்புப் பொடியும் துரு மாதிரி இரும்பும் ஆக்ஸிஜனும் சேர்ந்த இரும்பு ஆக்ஸைடுதான். அவ விரலால அந்தக் கோட்டைத் தடவித் தடவிப் பாத்துட்டு "அப்ப செவ்வாயும் மேல மட்டுந்தானா"ன்னா. ஆமா! 2013-ல நாசா அனுப்புன கியூரியாசிட்டி ரோவர்ங்கற ஆய்வு வண்டி அங்க பாறையைத் துளை போட்டப்ப உள்ளேர்ந்து வந்த பொடி சாம்பல் கலருதான். ரொம்பப் பழைய காலத்துல அங்க தண்ணி ஓடிருக்கு, பாறையில இருந்த இரும்பு துருவாகி, தூளாகி, காத்துல கெரகம் பூராம் பரவிருச்சு. எந்த வகைத் துருங்கறதுல இப்பவும் ஆராய்ச்சி நடக்குது, தண்ணி கலந்த ஃபெர்ரிஹைட்ரைட்டா இருக்கலாம்னு 2025-ல ஒரு ஆய்வு வந்துச்சு.

2014 செப்டம்பர்ல போய்ச் சேர்ந்த நம்ம மங்கள்யான் எடுத்த முழு செவ்வாய் படத்தை போன்ல காட்டுங்க, கருப்பு கருப்பா திட்டு தெரியும், தூசி கம்மியா இருக்குற எடத்துல அடிப்பாறையோட கலர்தான் அது.

செவப்புன்னா சூடுன்னு புள்ளைக நெனைக்கும். அங்க சராசரியா மைனஸ் 60 டிகிரி, அடுப்பே இல்லைன்னு அடிச்சுச் சொல்லுங்க. கேட்டை நட்சத்திரமும் செவப்பாத்தான் தெரியும், ஆனா அது தானே எரியிற வெளிச்சம், செவ்வாய் சூரிய வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புது, ரெண்டையும் போட்டுக் கொழப்பாதீங்க. நெப்டியூன் ஏன் நீலம்னு கேட்டா அங்க மண்ணே கண்ணுக்குத் தெரியாது, மேல இருக்குற காத்துல மீத்தேன் இருக்கு, அது செவப்பு வெளிச்சத்தை முழுங்கிட்டு நீலத்தை விட்ருதுன்னு சொன்னா போதும்.

கொஞ்சம் பெரிய புள்ளைன்னா துருவைத் தடுக்குறதைப் பத்தி ஆராய்ச்சி பண்ற சிக்ரி (CECRI) ஆய்வு நிலையம் 1953-லேர்ந்து நம்ம காரைக்குடியிலயே இருக்குன்னும் சொல்லுங்க, எங்க வீட்டுல அதைக் கேட்டுட்டு வளவுல இருக்குற ஜன்னல் கம்பியை எல்லாம் ஒவ்வொண்ணா சுரண்டிப் பாக்க ஆரம்பிச்சுட்டா.

செவ்வாய் எல்லா மாசமும் பளிச்சுன்னு தெரியாது, 26 மாசத்துக்கு ஒரு தடவைதான் நமக்குக் கிட்ட வரும், அதைப் பாத்து வச்சுக்கங்க. அப்புறம் அந்த ஈரத் தட்டை பட்டாலையில வைக்காதீங்க, ஆத்தங்குடி தரையில துருக்கறை ஏறுனா எத்தனை தேச்சாலும் போகாது, கொல்லையிலயே இருக்கட்டும்.