குழந்தையோடு மம்மி புத்தகம் படிப்பது எப்படி? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

டைனோசர் மோகம் கொஞ்சம் அடங்கியதும் பிள்ளைகள் அடுத்துக் கேட்பது பெரும்பாலும் மம்மி புத்தகத்தைத்தான். மம்மி என்றால் இங்கே அம்மா இல்லை, பழங்கால எகிப்தியர்கள் கெடாமல் பதப்படுத்தித் துணி சுற்றி வைத்த செத்த உடம்பு. "செத்த உடம்பு, ராத்திரி பயந்துக்கும்" என்று ஒளித்து வைக்காதீர்கள். வடசென்னையில், காசிமேட்டிலும் வியாசர்பாடியிலும் வளரும் பிள்ளை, மேளம் அடித்துப் பூ இறைத்துக்கொண்டு போகும் சாவு ஊர்வலத்தை வாசலில் நின்று பார்த்தே வளர்கிறது. அதைப் பற்றி நிதானமாகப் பதில் சொல்லத்தான் ஆள் இல்லை. இந்தப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அதைப் பேசலாம்.

1. புத்தகம் தேர்வு

சென்ட்ரல் பக்கம் அல்லிக்குளம் வளாகத்துப் பழைய புத்தகக் கடைகளில் தேடிப் பாருங்கள். கிளை நூலகத்திலும் கேளுங்கள். கையில் எடுத்ததும் ஒன்றைப் பாருங்கள்: எகிப்தியர்கள் இதை ஏன் செய்தார்கள் என்று எங்காவது சொல்லியிருக்கிறதா? இல்லையென்றால் வைத்துவிடுங்கள், அது வெறும் பயமுறுத்தும் புத்தகம். சின்னப் பிள்ளைக்கு வரைந்த படங்கள் போதும், நிஜ உடம்பின் போட்டோ கொஞ்சம் வளர்ந்த பிறகு.

2. முதலில் நீங்கள் படியுங்கள்

முழுசாக, பிள்ளை தூங்கிய பிறகு. ஆங்கிலப் புத்தகம் என்றால் வரிக்கு வரி மொழிபெயர்க்க வேண்டாம், படத்தைக் காட்டி உங்கள் பேச்சில் கதையாகச் சொல்லுங்கள்.

3. "ஏன்" என்பதிலிருந்து தொடங்குங்கள்

செத்த பிறகும் வாழ்க்கை உண்டு, உயிர் திரும்பி வந்து தங்க உடம்பு கெடாமல் இருக்கவேண்டும் என்று அவர்கள் நம்பினார்கள். இதை முதலில் சொல்லிவிட்டால், பின்னால் வரும் கத்தியும் கொக்கியும் கொடுமையாகத் தெரியாது, அன்போடு செய்த வேலையாகத் தெரியும்.

4. உப்பு

எனக்கு மிகவும் பிடித்த பக்கம் இது, அவசரப்படாமல் படியுங்கள். உடம்பில் ஈரம் இருந்தால் கிருமி பெருகும், அழுகும். அதனால் நேட்ரான் என்கிற ஒருவகை இயற்கை உப்பில் சுமார் 40 நாள் மூடி வைத்து ஈரத்தை உறிஞ்சினார்கள், அப்புறம் பிசின் தடவி லினன் துணி சுற்றினார்கள், மொத்தம் 70 நாள் வேலை. நம் பிள்ளைகளுக்கு இதைப் புரியவைக்கக் காசிமேட்டுக் கருவாடு போதும்: மீனில் உப்பு போட்டுக் காயவைத்தால் ஏன் கெடுவதில்லையோ, அதே காரணம்தான்.

வீட்டிலேயே செய்தும் பார்க்கலாம். ஆப்பிள் துண்டு ஒன்றை எடை போட்டுக் குறித்து வைத்துக்கொண்டு, உப்பும் ஆப்பச் சோடாவும் சம அளவு கலந்து அதற்குள் புதைத்து, டப்பாவை மூடி ஒரு வாரம் விடுங்கள். நம் பக்கம் கடல் காற்றில் உப்பு சீக்கிரம் நசநசத்துப் போகும், ஈரமானால் உப்புக் கலவையை மாற்றுங்கள். கடைசியில் துண்டைத் தட்டிச் சுத்தம் செய்து மறுபடி எடை போடச் சொல்லுங்கள். அதைத் தின்னக் கூடாது.

5. அருவருப்பான பக்கங்கள்

தாண்டாதீர்கள், பிள்ளை கண்டுபிடித்துவிடும். மூளையை மூக்கு வழியாகக் கொக்கி விட்டு எடுத்துப் போட்டுவிட்டார்கள், இதயத்தை மட்டும் உடம்புக்குள்ளேயே விட்டார்கள், ஏனென்றால் அறிவு இதயத்தில்தான் இருக்கிறது என்பது அவர்கள் நம்பிக்கை. மேலுலகத்தில் அந்த இதயத்தை ஓர் இறகோடு தராசில் வைத்து எடை பார்ப்பார்களாம். ஈரல், நுரையீரல், இரைப்பை, குடல் நான்கும் நான்கு ஜாடியில். பிற்காலத்து ஜாடிகளின் மூடியில் மனிதன், பபூன் குரங்கு, நரி, பருந்து தலைகள் இருக்கும், வரைய விடுங்கள்.

6. சாபம் பற்றிக் கேட்டால்

பழங்கால எகிப்து அரசன் துட்டன்காமனின் கல்லறையை 1922-ல் ஹோவர்டு கார்ட்டர் என்கிற ஆங்கிலேயத் தொல்லியலாளர் கண்டுபிடித்தார். அந்த அகழாய்வுக்குப் பணம் கொடுத்த கார்னர்வன் பிரபு 1923-ல் இறந்ததால், கல்லறையைத் திறந்தவர்களுக்கு மம்மியின் சாபம் என்று பத்திரிகைகள் எழுதின. கொசு கடித்த இடம் சீழ்பிடித்து, ரத்தத்தில் நஞ்சேறித்தான் அவர் இறந்தார். கல்லறையைத் திறந்த கார்ட்டரோ 1939 வரை இருந்தார். இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள், பயம் குறையும்.

7. கஷ்டமான கேள்வி

"நம்ம ஆயாவையும் இப்படி வெச்சிருக்கலாமே?" என்று கேட்கும். பதறவேண்டாம், பேச்சை மாற்றவும் வேண்டாம். "ஆயா தூங்குறாங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள், அப்புறம் தூங்கவே பயப்படும். ஆயா இறந்துட்டாங்க, உடம்புக்கு இனிமே வலிக்காது, நம்ம வீட்டில் எரிப்போம் இல்லை புதைப்போம், எகிப்தில் இப்படிச் செய்தார்கள் என்று உள்ளதைச் சொல்லுங்கள். அழுதால் அழட்டும், கூட உட்காருங்கள்.

8. அடுத்து எங்கே?

எழும்பூர் அருங்காட்சியகம். ஆதிச்சநல்லூரில் தோண்டியெடுத்த பொருள்கள் அங்கே இருக்கின்றன, நம் முன்னோர் இறந்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்த ஊர் அது. வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறி சென்ட்ரலில் மாறினால் எழும்பூர். வெள்ளிக்கிழமை விடுமுறை, அதனால் சனிக்கிழமை காலையில் போங்கள், கையில் அந்தப் புத்தகமும் இருக்கட்டும்.