ஐஸ் ஹாக்கி ஸ்கேட்டுக்குச் சாணை: கவுண்டரில் எந்த எண்ணைச் சொல்வது?

பந்திங், தெலுக் டத்தோ, கேரித்தீவு பக்கம் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே வளரும் பிள்ளைகளில் சிலர் இப்போது ஐஸ் ஹாக்கி ஆடப் போகிறார்கள். 2017-இல் கோலாலம்பூரில் நடந்த தென்கிழக்காசிய (சீ) விளையாட்டுப் போட்டியில்தான் ஐஸ் ஹாக்கி முதன்முதலாக இடம்பெற்றது. அப்போதிருந்தே நம் வட்டாரத்திலும் இந்த ஆட்டத்தைப் பற்றிப் பேச்சு வரத் தொடங்கியது. புத்ராஜெயா ஐஓஐ சிட்டி மாலிலோ சன்வே பிரமிட்டிலோ ரிங்க், அதாவது ஐஸ் சறுக்குத் தளம், இருக்கிறது. சனி, ஞாயிறில் காரில் ஏற்றிக்கொண்டு போனால் பிள்ளை விளையாடிவிட்டு வரும். ஹெல்மெட், கையுறை, மட்டை எல்லாம் வாங்கிவிடுகிறோம். பிளேடைச் சாணை பிடிக்கும் இடத்தில்தான் பெற்றோர் திகைத்து நிற்கிறார்கள்.

கவுண்டரில் இருக்கும் தம்பி, "எப்படி வேணும் அங்கிள்?" என்று கேட்பார். நம்மில் பெரும்பாலோர் சொல்லும் பதில்: "நல்லா கூரா பிடிச்சுக் கொடுங்க தம்பி." இந்தப் பதிலை வைத்துக்கொண்டு அவரால் எதுவும் செய்ய முடியாது. ஸ்கேட் பிளேடில் கூர்மை பல வகைப்படும். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு, அந்த எண்ணை நாம்தான் சொல்ல வேண்டும். ரிங்க் நம் ஊரில் இருந்தால் தப்பாகிவிட்டால் மறுநாள் போய்ச் சரிசெய்யலாம். நமக்கு அந்த வசதி இல்லை. அடுத்த வாரம்தான் போவோம். அதனால் கவுண்டரை விட்டு நகர்வதற்குள் எல்லாம் சரியாக இருக்க வேண்டும்.

முதல் படி: ஸ்கேட்டைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள்

விளக்கு வெளிச்சத்தில் பிளேடின் அடிப்பாகத்தைப் பாருங்கள். சமையல் கத்தி போல ஒரே கோடாகக் கூராக இருக்காது. ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் அகலமுள்ள தட்டையான பட்டைபோலத் தெரியும். நகத்தை மெதுவாகக் குறுக்கே இழுத்தால் நடுவில் லேசாகக் குழிந்திருப்பதும், இருபுறமும் இரண்டு விளிம்புகள் எழும்பி நிற்பதும் புரியும். உள்பக்க விளிம்பு ஒன்று, வெளிப்பக்க விளிம்பு ஒன்று. ஐஸைக் கடித்துப் பிடிப்பவை இந்த இரண்டும்தான். நடுவில் இருக்கும் குழிவைத்தான் ஹாலோ என்கிறார்கள்.

சாணைக்கல்லின் முகத்தை ஒரு வட்டத்தின் வளைவாகச் செதுக்கி, அதைப் பிளேடில் நீளவாக்கில் ஓடவிட்டுத்தான் இந்தக் குழிவை உண்டாக்குகிறார்கள். அந்த வட்டத்தின் ஆரம் எத்தனை இன்ச் என்பதே நாம் சொல்ல வேண்டிய எண். வழக்கமாகப் புழங்குபவை 3/8, 1/2, 5/8, 3/4, 1 ஆகிய ஐந்து. இடையில் 7/16, 9/16 போன்றவையும் உண்டு.

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். எண் சிறிதானால் குழிவு ஆழம். எண் பெரிதானால் குழிவு மேலோட்டம். சிறிய வட்டத்தின் வளைவு செங்குத்தாக இறங்கும், பெரிய வட்டத்தின் வளைவு கிட்டத்தட்டத் தட்டையாகப் போகும் என்பதுதான் காரணம். 3 மில்லிமீட்டர் பிளேடில் கணக்குப் போட்டுப் பார்த்தால் 3/8-க்குக் குழிவின் ஆழம் சுமார் 0.12 மில்லிமீட்டர், 1/2-க்கு 0.09, 5/8-க்கு 0.07, 1 இன்ச்சுக்கு 0.04. ஒரு தாளின் தடிமன்கூட இல்லாத இந்த வித்தியாசத்தைக் கால் உடனே உணர்ந்துவிடும்.

ஆழமான குழிவு ஐஸை இறுக்கிப் பிடிக்கும். திரும்பும்போது கால் வழுக்காது, முதல் எட்டில் வேகம் கிடைக்கும். ஆனால் சறுக்கு குறையும், கால் சீக்கிரம் சோரும், நிறுத்துவது கடினம். மேலோட்டமான குழிவில் ஒருமுறை உந்தினால் தூரம் போகலாம், பக்கவாட்டில் சறுக்கி நிறுத்துவது சுலபம். திருப்பத்தில் மட்டும் கால் நழுவும். இரண்டும் ஒருசேரக் கிடைக்காது. எதைக் கொஞ்சம் விட்டுக்கொடுப்பது என்பதைத்தான் நாம் தேர்ந்தெடுக்கிறோம்.

இரண்டாம் படி: யாருக்கு எந்த எண்

எதுவும் தெரியாவிட்டால் 1/2 இன்ச். பல கடைகளில் யாரும் எதுவும் சொல்லாதபோது பிடித்துக் கொடுப்பதும் இதையே. இதிலிருந்து தொடங்கினால் பெரிய தவறு நேராது.

அடுத்து எடையைப் பாருங்கள். கனமான உடம்பு விளிம்பை ஐஸுக்குள் தானாகவே அழுத்திவிடும். அதற்கு ஆழமான குழிவு தேவையில்லை. 85 கிலோவுக்கு மேல் உள்ள பெரியவர் புதிதாகக் கற்றுக்கொள்கிறார் என்றால் 5/8 கேட்கலாம். லேசான பிள்ளைகளுக்கு விளிம்பு ஐஸில் பதியாமல் கால் நழுவும் என்பதால் சிலர் எடுத்தவுடனே 3/8 பிடிக்கச் சொல்வார்கள். இதில் எனக்கு உடன்பாடு இல்லை. என் அக்கா மகளுக்குப் பத்து வயது, ஒல்லியான உடம்பு. 3/8 பிடித்த பிளேடோடு நிறுத்தப் பழகினாள். பாதத்தைக் குறுக்கே திருப்பினாள். பிளேடு சறுக்கிக்கொண்டே ஐஸைச் சீவ வேண்டிய இடத்தில் சட்டென்று கடித்து நின்றது. கால் நின்றுவிட்டது, உடம்பு நிற்கவில்லை. முழங்கால் மடங்கி முன்னால் விழுந்தாள். அடுத்த தடவை திருப்பும்போதே பயம் வந்து பாதி திருப்பலில் விட்டுவிட்டாள். 1/2-க்கு மாற்றியதும் அதே நிறுத்தத்தில் பிளேடு "சர்ர்" என்று ஐஸைச் சீவி, வெள்ளைத் தூளைக் கிளப்பி, மெல்ல நின்றது. பிள்ளை நிறுத்தப் பழகிய பிறகு 7/16-க்கோ 3/8-க்கோ போகட்டும். அதற்கு முன் வேண்டாம்.

பூப்பந்து மண்டபத்திலோ கூடைப்பந்துத் திடலிலோ சக்கர ஸ்கேட்டில் ஓடிப் பழகிய பிள்ளைகளுக்கும் இதையே சொல்வேன். அவர்களுக்கு வேகம் ஏற்கெனவே இருக்கும், ஐஸில் நிறுத்தும் பழக்கம் இருக்காது.

பிறகு ஐஸ். ஹாக்கிக்கென்று பராமரிக்கும் ஐஸின் மேற்பரப்பு சுமார் -5 டிகிரியில் கெட்டியாக இருக்கும். கெட்டியான ஐஸில் விளிம்பு பதிவது கடினம், ஆழமான குழிவு உதவும். மாலில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூட்டம் சறுக்கித் தள்ளிய ஐஸ் அப்படி இருக்காது. மேலே தூள் சேர்ந்து, ஈரம் கசிந்து, மெத்தென்று ஆகிவிடும். அதில் ஆழமான குழிவு தேவைக்கு மேல் புதைந்து காலை இழுக்கும். அதனால் வெளிநாட்டு வீடியோவில் யாரோ ஒரு வீரர் தன் எண்ணைச் சொன்னார் என்று அதையே இங்கே கேட்காதீர்கள். அவர் ஆடும் ஐஸ் வேறு.

கோல்கீப்பர் ஸ்கேட்டின் பிளேடு அகலம் கூடுதல், அவர்கள் பக்கவாட்டில் நகரும் முறையும் வேறு. அந்த இடத்துக்கு ஆடும் பிள்ளை என்றால் பயிற்றுநரைக் கேட்டுவிட்டே எண்ணைச் சொல்லுங்கள்.

மூன்றாம் படி: கவுண்டரில் பேசுவது

"ஹாலோ 1/2 இன்ச். புது ஸ்கேட், முதல் சாணை." இவ்வளவு போதும். புது ஸ்கேட் என்பதை மறக்காமல் சொல்லுங்கள். பெட்டியிலிருந்து எடுக்கும்போது பெரும்பாலும் பிளேடு விளையாடும் அளவுக்குச் சாணை பிடிக்கப்பட்டிருக்காது. அப்படியே மாட்டிக்கொண்டு இறங்கினால் பிள்ளை நிற்கவே முடியாமல் தவிக்கும்; தனக்கு இந்த ஆட்டம் வராது என்று நினைத்துக்கொள்ளும்.

பழைய ஸ்கேட் வாங்கியிருந்தால், "முன்னால என்ன ஹாலோ இருந்துச்சுன்னு தெரியாது, 1/2-க்குக் கொண்டு வந்துருங்க" என்று சொல்லுங்கள். ஒரு குழிவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றக் கல்லைக் கூடுதல் தடவை ஓட்ட வேண்டும். சொல்லாவிட்டால் வழக்கமான தடவை மட்டும் ஓட்டுவார்கள், நடுவில் பழைய குழிவு பாதி மிச்சமிருக்கும்.

சில இடங்களில் 100/50, 90/75 என்று இரட்டை எண் சொல்வார்கள். அது கனடாவின் பிளாக்ஸ்டோன் நிறுவனம் கொண்டுவந்த வேறு வடிவம். குழிவு வட்டமாக இல்லாமல் நடுவே தட்டையாக இருக்கும், விளிம்புகள் மட்டும் எழும்பி நிற்கும். முதல் எண் தட்டையின் அகலத்தைக் குறிக்கும், இரண்டாவது விளிம்பின் உயரத்தை. இரண்டாவது எண் கூடினால் பிடி கூடும். நல்ல வடிவம்தான், ஆனால் தொடக்கத்தில் வட்டக் குழிவோடு நின்றுகொள்ளுங்கள். எல்லாக் கடையிலும் இரட்டை எண்ணுக்கான கருவி இருக்காது, இந்த வாரம் ஒன்று, அடுத்த வாரம் வேறொன்று என்று ஆகிவிடும்.

புரொஃபைல் என்ற சொல்லும் காதில் விழும். அது பிளேடின் நீளவாக்கு வளைவு, 9 அடி, 10 அடி என்று அடியில் சொல்வார்கள். ஹாலோவோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். முதல் வருடம் தொழிற்சாலையில் இருந்து வந்தபடியே விட்டுவிடுங்கள்.

நான்காம் படி: வாங்கிய இடத்திலேயே சோதியுங்கள்

இந்தப் படியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். எண் சரியாக இருந்தும் சாணை கோணலாக விழுந்திருந்தால் எல்லாம் வீண்.

சட்டைப் பையிலிருந்து டோல் கட்டும் டச் அண்ட் கோ கார்டை எடுங்கள். வளையாத, புதிதாக இருக்கும் கார்டு நல்லது. ஸ்கேட்டைத் தலைகீழாகப் பிடித்து, கார்டின் நடுப்பகுதி பிளேடின் மேல் குறுக்கே உட்காரும்படி வையுங்கள். இரண்டு விளிம்பையும் அது தொட வேண்டும். இப்போது கண்ணைப் பிளேடின் மட்டத்துக்குக் கொண்டுவந்து முனையிலிருந்து பாருங்கள். கார்டும் பிளேடும் சேர்ந்து நேரான சிலுவைபோல் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் ஒரு விளிம்பு உயரம், மற்றொன்று தாழ்வு. கண்ணுக்குத் தெரியாத 0.1 மில்லிமீட்டர் வித்தியாசம்கூடக் கார்டின் இரு ஓரங்களுக்கும் இடையே கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டராகப் பெரிதாகத் தெரியும். முன்பக்கம், நடு, பின்பக்கம் என்று மூன்று இடத்தில் வைத்துப் பாருங்கள். சாய்ந்திருந்தால் அங்கேயே திருப்பிக் கொடுங்கள். மரியாதையாகச் சொன்னால் போதும்: "தம்பி, இந்தப் பக்கம் கொஞ்சம் சாஞ்சிருக்கு, இன்னொரு தடவை பார்த்துருங்க." நல்ல கடைக்காரர் கோபப்பட மாட்டார்.

பிறகு கட்டைவிரல் நகத்தின் மேற்புறத்தை விளிம்பில் குறுக்கே லேசாக இழுங்கள். நகம் மெல்லிய தூளாகச் சீவப்பட்டால் கூர் உண்டு. வழுக்கிக்கொண்டு போனால் இல்லை. இரண்டு காலுக்கும், இரண்டு விளிம்புக்கும் பாருங்கள். விரல் சதையை ஒருபோதும் நீளவாக்கில் ஓட்டாதீர்கள், அறுத்துவிடும். பக்கவாட்டில் தொடும்போது சொரசொரப்பாகப் பிசிறு தட்டுப்பட்டால், அதைத் தேய்த்தெடுக்கும் சிறிய கல் அவரிடமே இருக்கும். கேட்டால் செய்து கொடுப்பார்.

ஐந்தாம் படி: ஐஸில் கேட்க வேண்டிய கேள்விகள்

சாணை பிடித்த அன்று முதல் பத்து நிமிடம் எல்லாருக்குமே ஸ்கேட் வித்தியாசமாக இருக்கும். அதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். பயிற்சி முடிந்து வந்த பிள்ளையிடம் "நல்லா இருந்துச்சா?" என்று கேட்டால் "ம்ம்" என்றுதான் பதில் வரும். இப்படிக் கேளுங்கள்: நிறுத்தும்போது கால் மாட்டிக்கொண்டதா? திரும்பும்போது வெளிக்கால் நழுவியதா? ஒரே ஒரு பக்கம் மட்டும் நழுவியதா?

மாட்டிக்கொண்டது என்றால் அடுத்த முறை குழிவைக் குறையுங்கள், 1/2-இலிருந்து 9/16 அல்லது 5/8. நழுவியது என்றால் ஆழப்படுத்துங்கள், 1/2-இலிருந்து 7/16. ஒரு பக்கம் மட்டும் நழுவினால் அது எண்ணின் குற்றமில்லை, சாணை கோணல் அல்லது அந்தப் பக்க விளிம்பில் பள்ளம். ஒரு தடவைக்கு ஒரு படி மட்டும் மாற்றுங்கள். மாற்றிய பிறகு சில வாரமாவது அதிலேயே ஆடவிடுங்கள்; கால் பழகாமல் எதுவும் தெரியாது. தேதி, எண், பிள்ளை சொன்னது, மூன்றையும் கைப்பேசியில் குறித்து வையுங்கள். குறித்துவைத்த பெற்றோர் கவுண்டரில் தயங்குவதில்லை.

ஏறக்குறைய 10 முதல் 15 மணி நேரம் ஐஸில் ஆடிய பிறகு மறுபடி சாணை தேவைப்படும். வாரம் ஒருமுறை போகிறவர்களுக்கு இரண்டு மூன்று மாதம் வரும். ரப்பர் விரிப்பு இல்லாத சிமெண்டுத் தரையில் ஒரு தடவை நடந்துவிட்டால் இந்தக் கணக்கு செல்லாது, அன்றே கூர் போய்விடும்.

வீட்டில்

நம் ஊர்க் காற்றில் இருக்கும் ஈரத்துக்கு, துருப்பிடிக்காத எஃகு என்று சொல்லி விற்ற பிளேடும் துருப்பிடிக்கும். ஐஸை விட்டு வந்ததும் துணியால் துடையுங்கள். பத்து நிமிடம் கழித்து மறுபடி துடையுங்கள், குளிர்ந்த இரும்பில் காற்றின் ஈரம் திரும்பவும் பூக்கும். பைக்குள் வைக்கும்போது துணி உறை போடுங்கள். பிளாஸ்டிக் உறை நடப்பதற்கு மட்டும். அதைப் போட்டே மூடி வைத்தால் உள்ளே தண்ணீர் தேங்கி ஒரே வாரத்தில் செம்மண் நிறம் ஏறிவிடும். வீட்டுக்கு வந்ததும் பையைத் திறந்து, ஸ்கேட்டை விசிறிக் காற்றில் வையுங்கள்.

பாராங் கத்தியும் அரிவாளும் தீட்டும் கல்லை ஸ்கேட் பக்கமே கொண்டுவராதீர்கள். செம்பனைக் குலை வெட்டும் அரிவாளை அப்பழுக்கில்லாமல் தீட்டும் தாத்தா வீட்டில் இருக்கலாம். அவர் கைப்பக்குவத்தில் குறை இல்லை, ஆனால் அது ஒற்றை விளிம்பு. இரட்டை விளிம்பையும் நடுக்குழிவையும் கைக்கல்லால் காக்க முடியாது. பட்டறையின் மோட்டார் சாணையும் வேண்டாம். சூடேறி இரும்பு நீலம் பாய்ந்தால் அந்த இடம் பதம் இழந்துவிடும்.

ஊரில் நான்கைந்து குடும்பத்துப் பிள்ளைகள் ஆடுகிறார்கள் என்றால், ஸ்பார்க்ஸ் போன்ற வீட்டுச் சாணை இயந்திரத்தைச் சேர்ந்து வாங்குவது பற்றி யோசிக்கலாம். விலை ஒரு குடும்பத்துக்குச் சுமைதான், பங்கிட்டால் தாங்கும். ஒவ்வொரு ஹாலோவுக்கும் தனித்தனிச் சாணை வளையம் மாட்ட வேண்டும், வளையம் தேயும், அதற்கும் செலவு உண்டு. முதலில் வளையத்தைப் பிளேடின் நடுவுக்கு நேராக அமைத்துக்கொள்ளாவிட்டால் இயந்திரமும் கோணலாகத்தான் பிடிக்கும். கார்டுச் சோதனை அங்கேயும் உண்டு.

சாணை பிடிக்கப் பிடிக்கப் பிளேடின் உயரம் குறைந்துகொண்டே வரும். பிள்ளை நன்றாகச் சாய்ந்து திரும்பும்போது பிளேடைத் தாங்கும் பிளாஸ்டிக் ஐஸில் உரசினால், புதிய பிளேடு போடும் நேரம் வந்துவிட்டது. பல ஸ்கேட்டுகளில் பிளேடை மட்டும் கழற்றி மாற்றலாம். அதற்குக் காலணி அளவைச் சொன்னால் போதாது. தாங்கியின் பக்கவாட்டில் 254, 263, 272 என்று மில்லிமீட்டரில் ஓர் எண் அச்சிட்டிருக்கும். அந்த எண்ணையும் ஸ்கேட்டின் பிராண்டையும் சொல்லி வாங்குங்கள். புதிய பிளேடு வந்ததும் அதற்கும் முதல் சாணை பிடிக்க வேண்டும். பழையதில் ஒத்துவந்த அதே ஹாலோவைச் சொல்லுங்கள்.