நிரல் லைப்ரரிப் பட்டியல் போடுகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

"தமிழ்" என்ற சொல்லை, சைகிட்-லெர்ன் என்ற பைத்தான் லைப்ரரியில் (நம் நிரலில் சேர்த்துக்கொள்ள மற்றவர் எழுதி வைத்த ஆயத்த நிரல்தொகுப்பு) உரையைச் சொற்களாகப் பிரித்து எண்ணும் கவுன்ட்-வெக்டரைசரில், எந்த அமைப்பையும் மாற்றாமல் கொடுத்துப் பாருங்கள். திரும்பி வருவது "தம". இகரக் குறியும் போச்சு, ழகரமும் போச்சு. பைத்தான் ரெஜெக்ஸில் (உரையில் வடிவங்களைத் தேடும் குறிமொழி) சொல்லுக்குள் வரும் எழுத்தைக் குறிக்கும் பின்சாய்கோடு-டபிள்யூ, நம் உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகவே எண்ணுவதில்லை. அதனால் சொல் "தம", "ழ" என்று இரண்டாக உடைகிறது. ஒற்றை எழுத்தாக மிஞ்சும் துண்டை கவுன்ட்-வெக்டரைசர் தூக்கிப் போட்டுவிடுகிறது. டோக்கன்-பேட்டர்ன் என்ற ஒரே ஒரு அமைப்பை மாற்றினால் சரியாகிவிடும். ஆனால் மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால்தானே தெரியும்? பிழைச் செய்தி எதுவும் வராது. எண்கள் வரும், வரைபடம் வரும், எல்லாம் ஒழுங்காக ஓடுவது போலவே இருக்கும்.

சைகிட்-லெர்ன் அருமையான லைப்ரரி. பட்டியலில் தாராளமாகச் சேர்க்கலாம். பக்கத்தில் "எல்லா மொழிக்கும் ஏற்றது" என்று எழுதிவிடுவதுதான் தவறு. திறமூல லைப்ரரிகளுக்கு (மூல நிரலை யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் உரிமம் தருபவை) பட்டியல் போடுகிறவர்கள் செய்யும் தவறுகளில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான்: ஓட்டிப் பார்க்காமல் எழுதுவது. பட்டியலைத் திறக்கும் மாணவர், இதையெல்லாம் யாரோ முன்பே சோதித்துவிட்டார் என்றுதான் நினைப்பார். அந்த நம்பிக்கையில்தான் தன் புராஜெக்டின் அடித்தளத்தைப் போடுவார்.

சோதனை பெரிதாக இருக்க வேண்டாம். பத்து வரி நிரல், உங்கள் கையில் இருக்கும் தரவு, அரை மணி நேரம் போதும். தமிழ் உரைக்கான லைப்ரரி என்றால் நான் முதலில் "தமிழ்" என்ற சொல்லின் நீளத்தைக் கேட்பேன். பைத்தானின் சொந்த லென் 5 என்று சொல்லும், ஏனென்றால் அது யூனிகோடு குறியீடுகளை எண்ணுகிறது. ஓப்பன்-தமிழ் லைப்ரரியில் எழுத்துகளைப் பிரித்து எண்ணினால் த, மி, ழ் என்று 3 வரும். அடுத்து சொல்லைத் திருப்பிப் போடச் சொல்வேன். முதல் எழுத்தாக வெறும் புள்ளி வந்து நின்றால், அந்த லைப்ரரி தமிழைப் பார்த்ததே இல்லை.

ஓட்டிப் பார்க்காதவர்கள் வேறு வழியில்லாமல் ரீட்மீயின் (லைப்ரரியோடு வரும் அறிமுகக் கோப்பின்) முதல் வரியை வெட்டி ஒட்டுகிறார்கள். "வேகமானது, எளிமையானது, நவீனமானது." எந்த லைப்ரரி தன்னை மெதுவானது என்று சொல்லிக்கொள்ளும்? படிப்பவருக்கு வேண்டியது வேறு. இணையத்திலிருந்து தரவு கேட்டு வாங்கும் ரிக்வெஸ்ட்ஸுக்குப் பக்கத்தில் "பைத்தானுக்கான எளிய எச்டிடிபி லைப்ரரி" என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. "சாதாரண ஸ்கிரிப்டுக்கு இது போதும், அசின்க் (ஒரு பதிலுக்குக் காத்திருக்கும்போதே மற்ற வேலையைத் தொடர்வது) கிடையாது, அது வேண்டுமானால் எச்டிடிபிஎக்ஸ் பக்கம் போங்கள்" என்று எழுதினால் ஒருவருடைய ஒரு நாள் மிச்சமாகும். எதற்கு ஆகாது என்று ஒரு வரியாவது எழுத முடியவில்லை என்றால், அந்த லைப்ரரியை நமக்கு இன்னும் சரியாகத் தெரியவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

கிட்ஹப் தளத்தில் பிடித்த லைப்ரரிக்குப் பயனர்கள் போடும் ஸ்டார் எண்ணிக்கையை வைத்து வரிசைப்படுத்துவதும் பரவலான பழக்கம். ஸ்டாரைக் காசு கொடுத்து வாங்க முடிகிற காலம் இது. அதை விட்டாலும், ஸ்டார் ஒருவர் பத்து வருடம் முன்பு போட்டதாக இருக்கலாம், யாரும் திரும்பி வந்து எடுப்பதில்லை. பதிவிறக்கக் கணக்கும் அப்படித்தான். நோட் உலகில் (ஜாவாஸ்கிரிப்டை உலாவிக்கு வெளியே ஓட்டும் தளம்) ரிக்வெஸ்ட் என்ற பொதியை, அதாவது பதிவிறக்கி நிறுவும் லைப்ரரியை (பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் அல்ல, இது வேறு) உருவாக்கியவர்களே 2020 பிப்ரவரியில் கைவிட்டதாக அறிவித்தார்கள். அதற்குப் பிறகும் வாரத்துக்கு ஒரு கோடிக்கு மேல் இறங்கிக்கொண்டிருந்தது. மற்ற பொதிகள் அதைச் சார்ந்திருந்ததால் வந்த கணக்கு அது. அதை ஆரோக்கியத்தின் அடையாளமாகப் படிக்கக் கூடாது.

இதன் மறுபக்கத்திலும் ஒரு தவறு உண்டு. கடைசி வெளியீடு எப்போது என்று மட்டும் பார்த்துவிட்டு, "செத்துப்போச்சு" என்று நீக்கிவிடுகிறார்கள். பைத்தானின் சிக்ஸ் லைப்ரரி 2021 மே மாதம் ஒரு பதிப்பை வெளியிட்டது, அடுத்தது 2024 டிசம்பரில்தான். வேலை முடிந்துவிட்ட சின்ன லைப்ரரி அது, இடையில் மாற்ற அவசியம் வரவில்லை. முடிந்தது வேறு, கைவிடப்பட்டது வேறு. பயனர்கள் பிழைகளைப் பதியும் இஷ்யூ பகுதிக்குப் போய் கடைசியாக வந்த பாதுகாப்புக் கேள்விக்கு யாராவது பதில் சொன்னார்களா என்று பாருங்கள், வித்தியாசம் தெரிந்துவிடும். சில சமயம் உருவாக்கியவர்களே நேர்மையாகச் சொல்லிவிடுவார்கள். ஜாவாஸ்கிரிப்டில் தேதி, நேரத்தைக் கையாளும் மொமென்ட் லைப்ரரியின் குழு 2020 செப்டம்பரில், புது வேலைகளுக்கு எங்களை எடுக்க வேண்டாம், லக்ஸன், டே-ஜேஎஸ் போன்றவற்றைப் பாருங்கள் என்று தங்கள் ஆவணத்திலேயே எழுதினார்கள். அதன் பிறகும் மொமென்ட்டை முதல் பரிந்துரையாக வைத்திருக்கும் பட்டியலைப் பார்த்தால், தொகுத்தவர் அந்தப் பக்கத்துக்கே போகவில்லை என்பது தெரிகிறது.

பெயரில் நடக்கும் சறுக்கலும் சாதாரணமில்லை. படங்களைக் கையாளும் பைத்தான் லைப்ரரியை நிறுவும்போது பில்லோ என்று சொல்ல வேண்டும், நிரலில் அழைக்கும்போது பிஐஎல். பழைய பிஐஎல் 2009-இல் நின்றுபோய், அதிலிருந்து 2010-இல் கிளைத்ததுதான் பில்லோ. பட்டியலில் நிறுவும் கட்டளையை அப்படியே தராவிட்டால் புதியவர் ஊகித்துத் தட்டுவார். பிரபலமான பெயருக்கு ஓரெழுத்து வித்தியாசத்தில் தீங்கான பொதிகளைப் பதிவுசெய்து காத்திருப்பவர்கள் எதிர்பார்ப்பது அந்த ஊகத்தைத்தான்.

உரிமத்தைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகவே சொல்ல வேண்டும். கிட்ஹப்பில் எல்லாரும் பார்க்கும்படி இருப்பதாலேயே ஒரு ரிப்போ (நிரல் வைத்திருக்கும் களஞ்சியம்) திறமூலம் ஆகிவிடாது. உரிமக் கோப்பு இல்லையென்றால் எல்லா உரிமையும் எழுதியவருக்கே. நீங்கள் பார்க்கலாம், ஃபோர்க் செய்யலாம் (உங்கள் கணக்குக்குப் படியெடுக்கலாம்), உங்கள் மென்பொருளில் சேர்க்க அனுமதி கிடையாது. உரிமம் இருந்தாலும் எந்த உரிமம் என்பது முக்கியம். பிடிஎஃப் படிக்கும் லைப்ரரிகள் என்று பைபிடிஎஃப்பையும் பைமுபிடிஎஃப்பையும் அடுத்தடுத்த வரியில் போட்டிருப்பார்கள். முதலாவது பிஎஸ்டி, மூடிய மென்பொருளிலும் சேர்க்க அனுமதிக்கும் உரிமம். இரண்டாவது ஏஜிபிஎல் (சேர்த்த மென்பொருளின் மூல நிரலையும் திறந்து தரக் கோரும் உரிமம்), அல்லது பணம் கட்டி வாங்கும் வணிக உரிமம். வேகத்தைப் பார்த்து இரண்டாவதை எடுத்துத் தன் மூடிய மென்பொருளில் சேர்த்த ஒரு சிறு நிறுவனத்துக்கு, வாடிக்கையாளரின் வக்கீல் கேட்கும்போதுதான் விஷயம் தெரியவரும். பட்டியலில் "ஏஜிபிஎல்" என்று ஒரே ஒரு சொல் இருந்திருந்தால் போதும்.

போட்ட உரிமம் அப்படியே இருக்கும் என்றும் இல்லை. ரெடிஸைப் பாருங்கள். அது லைப்ரரி அல்ல, டேட்டாபேஸ்தான், ஆனால் பாடம் ஒன்றே. 2024 மார்ச்சில் அது பிஎஸ்டியை விட்டுத் திறமூலம் என்று ஏற்கப்படாத உரிமங்களுக்கு மாறியது. அதே மாதம் லினக்ஸ் ஃபவுண்டேஷன் நிழலில் அதிலிருந்து வால்கீ என்ற டேட்டாபேஸ் கிளைத்தது. 2025 மே மாதம் ரெடிஸ் 8 ஏஜிபிஎல்லையும் ஒரு தேர்வாகச் சேர்த்துக்கொண்டது. பதினான்கு மாதத்தில் இத்தனை. பட்டியலில் உரிமத்துக்குப் பக்கத்தில் சரிபார்த்த மாதமும் ஆண்டும் இல்லையென்றால் அந்தத் தகவலை நம்ப முடியாது.

இணைப்பு வேலை செய்கிறதா என்று தானாகப் பார்க்கும் கருவியை மாட்டிவிட்டு நிம்மதியாக இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பழைய உலாவிகளுக்கு வேண்டிய நிரலை மற்ற தளங்களுக்குத் தந்துவந்த பாலிஃபில் ஐஓ என்ற தளம் 2024-இல் கைமாறியது. முகவரி உடையவில்லை, கருவி பச்சை விளக்குதான் காட்டியிருக்கும். ஜூனில் அதே முகவரியிலிருந்து தீங்கான நிரல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களுக்குப் போனது. 2018-இல் ஈவென்ட்-ஸ்ட்ரீம் பொதியும் பராமரிப்பவர் கைமாறிய பிறகுதான் பிட்காயின் திருடும் நிரலோடு வந்தது. பராமரிப்பவர் யார், கடைசியாக எப்போது மாறினார் என்று வருடத்துக்கு இரண்டு முறையாவது மனிதக் கண்ணால் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்க்க முடிகிற அளவுக்கே பட்டியல் இருக்க வேண்டும். ஐந்நூறு லைப்ரரிகளை ஒருவர் சரிபார்க்க முடியாது, நாற்பதை முடியும். சிண்ட்ரே சோர்ஹஸ் என்ற நிரலாளர் கிட்ஹப்பில் 2014-இல் தொடங்கிய "ஆசம்" பட்டியல்களின் பட்டியலில் சேர, உங்கள் தொகுப்புக்குக் குறைந்தது 30 நாள் வயதாகியிருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. கைவிடப்பட்டவற்றை முதன்மைப் பக்கத்தில் வைக்கக் கூடாது என்றும் இருக்கிறது. இரண்டுமே நல்ல விதிகள்.

நான் நீக்குகிறவற்றை அழித்துவிடுவதில்லை. "நீக்கியவை" என்று தனியாக ஒரு கோப்பு, அதில் பெயர், தேதி, ஒரு வரிக் காரணம். "உயிர்மெய் உடைகிறது, 2023 ஆகஸ்ட்" என்பது மாதிரி. யாராவது அதே லைப்ரரியைச் சேர்க்கச் சொல்லி மறுபடி புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) அனுப்பும்போது அந்த வரியைக் காட்டுகிறேன். இப்போது சரியாகிவிட்டது என்று அவர் காட்டினால், சோதித்துவிட்டு திரும்பச் சேர்க்கிறேன்.