துளிர்த்த குச்சி ஏன் கருகுகிறது? குச்சி நடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குண்டுமல்லி, செம்பருத்தி, நந்தியாவட்டை போன்றவற்றைக் கவாத்து செய்யும்போது கிடைக்கும் குச்சிகளைத் தொட்டியில் நட்டு, தினமும் இருவேளை தண்ணீர் ஊற்றுவது பல வீடுகளில் வழக்கம். இரண்டு வாரத்தில் அடிப்பகுதி கருத்துவிடும். இழுத்துப் பார்த்தால் தோல் வழுக்கிக்கொண்டு வரும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து அடுத்த முறை இன்னும் கூடுதலாக ஊற்றுவார்கள். இந்தச் சுழற்சியை முதலில் நிறுத்த வேண்டும்.

நட்ட குச்சிக்கு வேர் இல்லை. வெட்டுவாய் வழியாக அது உறிஞ்சும் நீர் மிகவும் குறைவு. அதே நேரத்தில் இலைகள் வழியாக நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். ஆகவே அதற்குத் தேவை ஈரமான காற்றும், சொதசொதப்பு இல்லாத மண்ணும்தான். மண்ணைச் சேறாக்கினால் துகள்களுக்கு இடையே உள்ள காற்று வெளியேறிவிடும். புதிய வேர் உருவாகும் இடத்துக்குப் பிராணவாயு கட்டாயம் வேண்டும். அது கிடைக்காத ஈரத்தில் அழுகல் பூஞ்சைகள்தான் செழிக்கும்.

தொட்டியின் அடியில் கூழாங்கல் பரப்பினால் நீர் நன்றாக வடியும் என்ற நம்பிக்கை மிகவும் பரவலானது, அது தவறு. எந்தத் தொட்டியிலும் அடிமண்ணில் சிறிது உயரத்துக்கு நீர் தங்கியே நிற்கும். கல்லைப் போட்டால் அந்த ஈர அடுக்கு மேலே ஏறுகிறது, அவ்வளவுதான். உயரம் குறைந்த கோப்பையில் நட்டால் குச்சியின் அடிக்கணு சரியாக அந்த அடுக்குக்குள் மாட்டிக்கொள்ளும். எனவே ஆழமான நாற்றுப் பையை எடுத்து, அடியிலும் பக்கத்திலும் துளையிட்டு, முழு உயரத்துக்கும் ஒரே கலவையை நிரப்புங்கள். ஆற்றுமணலும் தென்னை நார்க்கழிவும் சம அளவில் கலந்தால் போதும். நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்துப் பிழிந்து, நல்ல நீரில் இரண்டு மூன்று முறை அலசிய பிறகே பயன்படுத்த வேண்டும். அதில் உப்பு இருக்கும். ஈரம் சரியா என்று அறிய ஒரு கைப்பிடி எடுத்து அழுத்திப் பாருங்கள். விரலிடுக்கில் ஓரிரு சொட்டுக்கு மேல் வடிந்தால் ஈரம் அதிகம்.

தண்ணீர் ஊற்ற நாள் கணக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். மேல்மண்ணில் விரல் வைத்து, காயத் தொடங்கியிருந்தால் மட்டும் ஊற்றுங்கள். மொட்டைமாடியில் வளர்ப்பவர்களுக்கு ஒரு சொல்: கோடையில் பிற்பகல் குழாயில் வருவது ஏறக்குறைய வெந்நீர். காலையிலேயே பிடித்து வைத்த நீர்தான் நல்லது.

காற்றின் ஈரத்துக்கு ஒளி ஊடுருவும் பாலித்தீன் பையால் மூடலாம். பை இலைகளைத் தொடாதபடி இரண்டு சிறு குச்சிகளை ஊன்றி, அவற்றின் மேல் கவிழ்க்க வேண்டும். தினமும் சில நிமிடம் திறந்து காற்றோட்டம் கொடுங்கள். மூடிய பையை வெயிலில் வைப்பது கொடுமையான தவறு. உள்ளே வெப்பம் ஏறி, ஒரே பிற்பகலில் குச்சி வெந்துவிடும். வெளிச்சம் உண்டு, நேர்வெயில் இல்லை என்ற இடமே ஏற்றது. நுனியில் இரண்டு இலைகளை மட்டும் விட்டு, அவை பெரியவையாக இருந்தால் பாதியாக நறுக்கிவிடுங்கள். மல்லிக் குச்சியில் மொட்டு கட்டினால் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு கிள்ளிவிட வேண்டும்.

இனி, பலரும் ஏமாறும் இடம். குச்சியில் துளிர் வந்ததும் வேர் பிடித்துவிட்டதாக மகிழ்ந்து வெயிலுக்கு மாற்றுவார்கள்; சிலர் உரமும் வைப்பார்கள். முதல் துளிர் பெரும்பாலும் தண்டில் சேர்ந்திருக்கும் மாவுச்சத்தைக் கொண்டே வருகிறது. கீழே வேர் ஒன்றுகூட இல்லாமல் நான்கைந்து இலைகள் விரியலாம். சேமிப்பு தீர்ந்ததும் அவை சட்டென்று வாடிக் கருகும். செம்பருத்திக்கும் மல்லிக்கும் பொதுவாக நான்கு முதல் எட்டு வாரம் வரை பொறுத்திருக்க வேண்டும். சந்தேகத்தில் பிடுங்கிப் பார்த்தால் அரும்பிய வேர்முனை அறுந்துவிடும். நாற்றுப் பையின் துளையில் வெள்ளை வேர் தெரிந்தால் அதுவே உறுதியான அடையாளம். அதுவரை உரம் வேண்டாம். வேர் கண்ட பின்னும் மூடியிருந்த பாலித்தீன் பையைத் திடீரென்று எடுக்காமல், ஒரு வாரத்தில் சிறிது சிறிதாகத் திறந்து பழக்க வேண்டும்.

நடும்போது நேரும் பிழைகளும் உண்டு. தலைகீழாக நட்டால் பெரும்பாலும் வேர்விடாது; அடிமுனையைச் சாய்வாகவும் நுனியை நேராகவும் வெட்டி வைத்தால் குழப்பம் வராது. அடிவெட்டு கணுவுக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். வேரூக்கித் தூளில் முனையை லேசாகத் தோய்த்துத் தட்டினால் போதும், அப்பினால் கெடுதல். முருங்கைப் போத்தின் (நடுவதற்கு வெட்டிய கிளையின்) மேல்முனையில் சாணம் அப்புவது ஈரம் காக்கும் நல்ல பழக்கம். அதே பச்சைச் சாணத்தை அடிமுனையில் பூசாதீர்கள்.

மணிபிளாண்ட் தண்டைப் புட்டியில் வேர்விடச் செய்பவர்கள் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை நீரை மாற்ற வேண்டும். இலை எதுவும் நீரில் மூழ்கக் கூடாது. நீரில் விட்ட வேர் மென்மையானது. இரண்டு அங்குலம் வளர்ந்ததுமே மண்ணுக்கு மாற்றி, முதல் வாரம் மண் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கள்ளி வகைகளும் ஈழத்தலரியும் (பிளுமேரியா) மட்டும் இதற்கெல்லாம் விலக்கு. வெட்டுவாயில் பால் வடிந்து, காயம் உலர்ந்து மூடும்வரை ஒரு வாரமாவது நிழலில் கிடத்த வேண்டும். பிறகு மணற்பாங்கான மண்ணில் நட்டு, வேர் பிடிக்கும்வரை மிகக் குறைவாகவே நீர் விடலாம். பாலித்தீன் மூடாக்கு இவற்றுக்கு ஆகாது.