பழைய காரில் பெட்ரோல் பம்ப் அடிக்கடி போகிறதா? புதுசு வாங்கும் முன் இதையெல்லாம் பாருங்கள்

கோடையில் ஏற்காடு மலைப்பாதையில் பானெட்டைத் திறந்துவைத்து நிற்கும் பழைய கார்களில் சிலவற்றுக்குப் பம்ப்தான் வில்லங்கம். ஒரு தடவை போனால் சரி, வயதாகிவிட்டது என்று விடலாம். மாற்றிய சில மாதத்திலேயே மறுபடி போனால் வேறு ஏதோ அதைக் கொல்கிறது, அதைக் கண்டுபிடிக்காமல் அடுத்த பம்ப் போடுவது காசுக்குத் தண்டம். டேங்குக்குள் மின்சார பம்ப் இருக்கும் பெட்ரோல் வண்டிகளுக்குத்தான் இந்தச் செய்முறை.

முதலில் காது கொடுங்கள். சாவியை ஆன் செய்ததும் பின்சீட்டுப் பக்கம் இரண்டு விநாடி 'ஊய்ங்' என்று கேட்க வேண்டும். கேட்கவில்லையா, பியூஸைப் பாருங்கள், பம்புக்குக் கரண்ட் விடும் சுவிட்சான ரிலேவையும், அதே மாதிரி இன்னொன்று பக்கத்தில் இருந்தால், மாற்றிப் போட்டுப் பாருங்கள். பம்ப் நன்றாகவே இருக்கலாம்.

அடுத்தது கரண்ட், பலரும் பார்க்காமல் விடுவது இதைத்தான். பல கார்களில் பின்சீட்டைத் தூக்கினால் பம்ப் கனெக்டர் தெரியும். கண்ணாடிகளை இறக்கிவிட்டு, பெட்ரோல் வாடை இல்லை என்று உறுதி செய்துகொண்டு, இன்ஜின் ஓடும்போது, கனெக்டரைக் கழற்றாமலே அதன் பின்பக்கமாக மல்டிமீட்டர் முனைகளை வைத்து அளக்கவும். பேட்டரியில் 14 வோல்ட் இருக்கும்போது இங்கே 12தான் வருகிறது என்றால் வழியில் எங்கோ வோல்ட் குறைகிறது. பெரும்பாலும் வயரை வண்டி பாடியோடு இணைக்கும் எர்த் போல்ட்டில் துரு, இல்லையென்றால் கருகிப்போன கனெக்டர் பின். துருவைச் சுரண்டிப் பளிச்சென்று இறுக்குங்கள், கருகிய கனெக்டரை மாற்றியே ஆகவேண்டும், அதில் புதுப் பம்பைச் செருகினால் அதுவும் போய்விடும்.

அப்புறம் டேங்க், அதிலிருந்து பம்பை வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும். இன்ஜின் ஓடும்போதே பம்ப் ரிலேவை உருவினால் தானாக அணைந்து லைனில் அழுத்தம் இறங்கிவிடும், பிறகு பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். திறந்தவெளியில் மட்டும் செய்யுங்கள், பக்கத்தில் பீடி, செல்போன், சூடான பல்பு எதுவும் கூடாது. பயமாக இருந்தால் மெக்கானிக்கிடம் விடுங்கள், தப்பே இல்லை. வெளியே எடுத்த பம்பின் அடியிலுள்ள சல்லடையில் செம்மண் மாதிரி துரு படிந்திருந்தால் டேங்கைக் கழுவாமல் புதுப் பம்ப் போடாதீர்கள். பில்டரையும் சேர்த்தே மாற்றுங்கள், அடைத்த பில்டரோடு மல்லுக்கட்டியே பம்ப் சூடாகும்.

ரிசர்விலேயே ஓட்டும் பழக்கத்தையும் விடுங்கள். பம்பைக் குளிர்விப்பதே டேங்கிலுள்ள பெட்ரோல்தான். ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். கொஞ்சூண்டு பெட்ரோல் ஒரு பக்கமாக ஒதுங்கினால் பம்ப் காற்றை உறிஞ்சும். அடிவாரம் வரும் முன்பே சேலத்தில் அரை டேங்காவது போட்டுக்கொள்ளுங்கள்.

பம்பைத் திரும்ப மாட்டும்போது அதன் மூடியின் ரப்பர் வளையம் புதுசாக இருக்கட்டும். சாவியை மூன்று நான்கு முறை ஆன் செய்து, ஈரமோ வாடையோ இல்லை என்று பார்த்த பிறகே சீட்டைப் போடுங்கள்.