பாட்டுச் சத்தத்தைக் கூட்டும் முன் இயர்பட்ஸின் ரப்பர் முனையை மாற்றுங்கள்

கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால், ஹாரனும் எஞ்சின் இரைச்சலும் பாட்டை அமுக்கிவிடும். உடனே கை சத்தத்தைக் கூட்டப் போகும். காதுக்குக் கேடு அங்கேதான் தொடங்குகிறது.

இயர்பட்ஸ் பெட்டியில் சிறிது, நடுத்தரம், பெரிது என்று ரப்பர் முனைகள் கூடவே வரும். பலர் அந்தப் பொட்டலத்தைப் பிரிப்பதே இல்லை. தயவுசெய்து பிரியுங்கள். இரண்டு காதும் ஒரே அளவாக இருக்க வேண்டியதில்லை. எனக்கு வலது காதுக்கு நடுத்தரம், இடதுக்குச் சிறிது. காது மடலைப் பின்பக்கமாக மேலே இழுத்துப் பிடித்து, முனையை லேசாகத் திருகி வையுங்கள். சரியாக உட்கார்ந்தால் நம் குரலே குடத்துக்குள் பேசுவது போலக் கேட்கும், பஸ் இரைச்சல் அடங்கும். அப்புறம் பாதிச் சத்தமே தாராளம்.

எந்த முனையும் நிற்கவில்லையா? செவித்திறன் நிபுணரிடம் காது அச்சு எடுத்து, அதற்குப் பொருந்தும் முனையைச் செய்துகொள்ளலாம், செலவு கூடுதல்தான்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 80 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 ஆனால் 4 மணி நேரம்தான். கழற்றிய பிறகும் காதில் 'ங்ஙொய்' என்று இரைந்து, அது அடங்காவிட்டால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.